பட்டனை எங்கே வைப்பது?

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.)



தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் டீசல் கணக்கு, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்து, எல்லோரும் காபியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபது நிமிடம் என்று செயலாளர் சொன்னார். கல்லூரி ஆசிரியர்களிடம் இருபது நிமிடம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. பார்க்கலாம்.

நாங்கள் இங்கே குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் கல்லூரியில் என்ன பாடம் எடுக்கிறேன் என்பதில் இன்னும் நம் வளாகத்தில் ஒரு குழப்பம் உண்டு. சிலர் அனிமேஷன் என்கிறார்கள். சிலர் போட்டோஷாப் என்று நினைத்து, பொங்கல் விழா பேனரை என்னிடம் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றாவது மாடி மாமி என்னைக் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவள் என்றே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அவர் பேத்தியின் பத்திரிகையை நான்தான் செய்து கொடுத்தேன், அதனால் மறுக்கவும் முடியவில்லை.

பாடத்திட்டத்தில் அதன் பெயர் இன்டராக்டிவ் மல்டிமீடியா. தமிழில் ஊடாடும் பல்லூடகம் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரை முதல் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. ‘தொட்டால் பதில் சொல்கிற படம்’ என்று சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். டிவி பார்க்கும்போது நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும். ஒரு அருங்காட்சியகத்தில் திரையைத் தொட்டதும் கோயில் கோபுரம் திரும்பிக் காட்டுகிறதே, பேரனின் போனில் எழுத்தின் மேல் விரலால் இழுத்தால் ‘அ’ என்று சொல்கிறதே, அந்த மாதிரி விஷயங்களைத் திட்டமிட்டு, வரைந்து, எழுதி, ஓட வைப்பது வரைக்கும் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை.

கம்ப்யூட்டர் வேலைதானே என்று கேட்பீர்கள். முதல் மூன்று வாரம் நான் கம்ப்யூட்டரைத் தொட விடுவதே இல்லை.

நம் பி பிளாக் லிஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்க ஒரு பட்டன், மூட ஒரு பட்டன். இரண்டிலும் இரண்டு முக்கோணங்கள், ஒன்றில் வெளியே பார்க்கும், இன்னொன்றில் உள்ளே பார்க்கும். யாராவது கையில் காய்கறிப் பையோடு ஓடி வருவார்கள். உள்ளே இருக்கிறவர் நல்ல மனசோடு அவசரமாக ஒரு பட்டனை அழுத்துவார். கதவு அவர் முகத்தில் மூடிக்கொள்ளும். வெளியே நிற்கிறவருக்கு உள்ளே இருப்பவர் வேண்டுமென்றே செய்துவிட்டார் என்று தோன்றும். இந்த ஒன்பது வருடத்தில் இதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு ஜோடி வீடுகளை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், இருவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். தப்பு அவர்கள் இருவர் மேலும் இல்லை. அவசரத்தில் இருக்கிற கண் அந்த இரண்டு படங்களையும் பிரித்துப் பார்க்காது. ஒன்றைப் பெரிதாகவும் ஒன்றைச் சிறிதாகவும் வைத்திருந்தாலே போதும்.

மாணவர்களின் முதல் வேலை இதுதான். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய், ஏதாவது ஒரு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். யாருக்கும் உதவக் கூடாது. யார் எந்த இடத்தில் தயங்குகிறார்கள், எதை இரண்டு முறை அழுத்துகிறார்கள், எப்போது திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். ஒரு வருடம் ஒரு பையன் வங்கிக் கிளை ஒன்றில் பாஸ்புக் பதிவு செய்கிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றான். பாஸ்புக்கை எந்தப் பக்கம் திறந்து, எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி உள்ளே வைப்பது என்று வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இயந்திரம் திருப்பித் துப்பும். இரண்டாம் முறையும் துப்பும். மூன்றாம் முறை அவர்கள் வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடம் போவார்கள். அவர் வந்து, பார்க்காமலே திருப்பி வைத்துவிட்டுப் போவார். பையன் கடைசி வரியில் எழுதியிருந்தான்: ‘இந்த மெஷினுடைய உண்மையான ஸ்க்ரீன் செக்யூரிட்டி அண்ணன்தான்.’ நான் அந்த வருடம் கொடுத்த முதல் முழு மதிப்பெண் அது.

இந்தத் துறை ஒன்றும் நேற்று முளைத்தது இல்லை. 1978-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஒரு குழு ஆஸ்பென் என்ற மலை ஊரின் தெருக்களில் காரின் மேல் கேமராக்களைப் பொருத்திக்கொண்டு பத்தடிக்கு ஒரு படமாக எடுத்தது. அந்தப் படங்களை வீடியோ டிஸ்கில் ஏற்றி, திரையைத் தொட்டு இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் போ என்று சொன்னால் ஊருக்குள் நடக்கலாம் என்று காட்டினார்கள். இன்று நீங்கள் கூகுள் மேப்பில் தெருவைப் பார்க்கிறீர்களே, அதற்கு முப்பது வருடம் முன்பு. 1987-ல் ஆப்பிள் நிறுவனத்தின் பில் அட்கின்சன் ஹைப்பர்கார்டு என்று ஒன்றைச் செய்தார். சீட்டுக்கட்டு மாதிரி, ஒரு கார்டில் ஒரு பட்டன், அதை அழுத்தினால் இன்னொரு கார்டு. புரோகிராம் தெரியாத பள்ளி ஆசிரியர்கள்கூட அதில் பாடம் செய்தார்கள். நம் ஊரில் அந்த நாட்களில் படிப்பும் படமும் சேர்ந்தது என்றால் தூர்தர்ஷனில்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘கன்ட்ரிவைடு கிளாஸ்ரூம்’ 1984 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. மதிய நேரத்தில் வரும், உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அது நல்ல நிகழ்ச்சிதான். ஆனால் புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்க முடியாது, அது போய்க்கொண்டே இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சிடி காலம். விஸ்காம் படிப்புகள் ஒவ்வொரு கல்லூரியாகத் தொடங்கிக்கொண்டிருந்தன. எல்லோரும் ஃபிளாஷ் கற்றுக்கொண்டார்கள். ஃபிளாஷ் ஒரு அற்புதமான சாதனம், இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வரையத் தெரிந்த பிள்ளை அதிலேயே வரையலாம், அசைக்கலாம், பட்டன் வைக்கலாம், பாட்டு சேர்க்கலாம். ஒரே ஒரு கஷ்டம், தமிழ். ‘கொ’ என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். அதனால் பத்திரிகை அலுவலகங்களில் இருந்த பழைய எழுத்துருக்களைப் போட்டு எழுதினோம். ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு கணக்கு. ஒன்றில் ‘அ’ இருக்கிற இடத்தில் இன்னொன்றில் ‘ஞ’ இருக்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. 2010-ல் அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நடுவே இருந்த வருடங்களில் செய்த வேலை எல்லாம் எந்த எழுத்துருவில் செய்தோமோ அதோடு கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், போன வருடம் ஒரு போன் வந்தது.

2007-ல் என்னிடம் படித்த பெண். இந்தப் பக்கத்துக் கிராமம்தான், வாலாஜாபாத் சாலையில் நாம் தினம் தாண்டிப் போகிற ஊர்களில் ஒன்று. இறுதியாண்டு புராஜெக்டாக அவள் தன் ஊர் ஏரியைப் பற்றி ஒரு சிடி செய்தாள். அவளுடைய தாத்தா அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும், நீர்க்கட்டி என்றால் ஏரித் தண்ணீரை எந்த மதகில் எத்தனை நாள் திறந்து, யார் நிலத்துக்கு முதலில் விடுவது என்று பார்த்துக்கொள்கிறவர். திரையில் ஏரியின் படம் இருக்கும். மதகைத் தொட்டால் திறக்கும், தண்ணீர் வாய்க்காலில் ஓடும், தாத்தாவின் குரல் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லும். கலங்கலைத் தொட்டால், ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் எந்த வழியாக, எந்தப் புறம்போக்கைத் தாண்டி, அடுத்த எந்த ஏரிக்குப் போகும் என்று சொல்லும். நான் தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் போட்டேன். சிடி துறையின் அலமாரிக்குப் போனது.

‘மேடம், தாத்தா போயிட்டார். அவர் குரல் வேற எங்கயும் இல்ல. அந்த சிடி இருக்கா?’ என்று கேட்டாள்.

அலமாரியில் தேடினேன். கிடைத்தது. சிடி படிக்கிற டிரைவ் உள்ள கம்ப்யூட்டரைத் தேடுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஆபீஸ் ரூமில் ஒரு பழைய பெட்டி. சிடி ஓரத்தில் கீறல், நாலைந்து முறை சுற்றிவிட்டுத்தான் படித்தது. ஃபிளாஷ் கோப்பு திறக்கவில்லை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷை நிறுத்திவிட்டது, உலாவிகள் எல்லாம் அதை எடுத்துவிட்டன. ரஃபிள் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டிக் காட்டுவதற்காகவே ஆர்வலர்கள் எழுதியது. அதில் போட்டேன். ஏரி வந்தது. மதகு திறந்தது. தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கொக்கியும் கோடும் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளும். அந்த எழுத்துரு இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. கலங்கலைத் தொட்டால் ஒன்றுமே நடக்கவில்லை.

குரல் மட்டும் தப்பித்தது. அவள் ஒழுங்கான பெண், ஒலிக் கோப்புகளைத் தனியாக ஒரு ஃபோல்டரில் எம்பி3-யாக வைத்திருந்தாள். பதினாலு கோப்பு. அதை அனுப்பி வைத்தேன். ‘தாத்தா இருமறதுகூட இருக்கு மேடம்’ என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அது என் தப்பு. எது எதற்கோ மதிப்பெண் குறைத்திருக்கிறேன், நிறம் சரியில்லை, பட்டன் கோணல் என்று. இது பதினைந்து வருடம் கழித்துத் திறக்குமா என்று அந்தப் பெண்ணிடம் நான் கேட்கவே இல்லை. அந்த அலமாரியில் இன்னும் இருநூறுக்கு மேல் சிடி இருக்கிறது. நெசவு பற்றி, தெருக்கூத்து பற்றி, பல்லாவரம் கல் குவாரிகள் பற்றி. எத்தனை திறக்கும் என்று சோதித்துப் பார்க்கும் தைரியம் வர எனக்கு ஒரு மாதம் ஆனது.

இப்போது என் வகுப்பில் ஒரு விதி உண்டு. படம் தனி, ஒலி தனி, எழுத்து தனி, எல்லாம் யாரும் திறக்கக்கூடிய சாதாரண வடிவத்தில். எழுத்து யூனிகோடில். எது எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி உள்ளேயே வைக்க வேண்டும். இது இல்லாவிட்டால் திரையில் என்ன மாயம் நடந்தாலும் தேர்ச்சி இல்லை. பிள்ளைகளுக்கு இந்த விதி பிடிப்பதில்லை.

கருவிகளைப் பற்றிக் கேட்பீர்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிளைக் கதை எழுத ட்வைன், படமும் அசைவும் செய்ய பி5, பொம்மையையும் விளக்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்க ஆர்டுயினோ. நம் வளாகத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் ஸ்கிராட்ச். மென்பொருள் எல்லாம் இலவசம். ஃபிளாஷ் போன மாதிரி இவையும் ஒருநாள் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

நான் ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்குக் காட்டுகிற ஒரு வேலை இருக்கிறது. 2015 டிசம்பர் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முதல் மாடி வரை தண்ணீர். இந்தப் பக்கம் வருவதற்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் வருவது நேற்றைய செய்தியா இன்றைய செய்தியா என்றும் தெரியாது. அப்போது அருண் கணேஷ் என்பவர், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் பல வருடமாக வேலை செய்தவர், சென்னைக்கு ஒரு வெள்ள வரைபடம் போட்டார். அதில் ஒரு தெருவைத் தொட்டால், இந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பதிவாகும். தெருவின் நிறம் மாறும். அவ்வளவுதான். பெயர் கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை. ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேல் தெருக்களை மக்களே குறித்துவிட்டார்கள்.

மாணவர்களிடம் இதைக் காட்டி, இதில் என்னென்ன இல்லை என்று பட்டியல் போடச் சொல்வேன். முகப்பில் சுழலும் லோகோ இல்லை. பின்னணி இசை இல்லை. ‘எங்களைப் பற்றி’ இல்லை. தண்ணீர் எத்தனை அடி என்று கேட்கும் படிவம் இல்லை. கேட்டிருந்தால் இன்னும் பயனாக இருந்திருக்குமே என்று எப்போதும் ஒருவர் சொல்வார். இருந்திருக்கும். ஆனால் பேட்டரி பதினைந்து சதவீதத்தில் இருக்கிற போனை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நிற்கிறவர் அதை நிரப்பியிருக்க மாட்டார். எதைக் கேட்காமல் விடுவது என்று முடிவு செய்ய என் மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்கத் தேவைப்படுகிறது. பலருக்கு அதற்குப் பிறகும் வருவதில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குப் பக்கத்தில் இருக்கிற மணிமங்கலம் சாதாரண ஊர் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் ஒன்று என்று கூரம் செப்பேடு அந்தப் பெயரைச் சொல்கிறது. இதை வைத்து ஒரு குழு விளையாட்டு செய்தது. நாலு பையன்கள், மூன்று மாதம், யானைகள் எல்லாம் முப்பரிமாணத்தில். தும்பிக்கை ஆடும், தூசு பறக்கும். ஆடிப் பார்க்க வந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் எழுந்து போனார்கள். ஏனென்றால் யானையை எப்படி நடக்க வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, அதைச் சொல்கிற எழுத்து திரையின் மூலையில் எறும்பு அளவில் இருந்தது. பையன்கள் பின்னால் நின்று ‘அங்க அழுத்துங்க, அங்க அழுத்துங்க’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். செப்பேட்டில் யானைக் கணக்கு எதுவும் இல்லையே, எப்படி முந்நூறு என்று போட்டீர்கள் என்று நான் கேட்டதற்கும் பதில் இல்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். யானை மேல் இருந்த ஆசையில் ஆடுகிறவரை மறந்துவிட்டார்கள்.

அதனால்தான் என் வகுப்பில் பேசாமல் இருப்பதற்குத் தனியாக மதிப்பெண் உண்டு. முதலில் சார்ட் பேப்பரில் திரைகளை வரைவார்கள். பட்டனை வெட்டி ஒட்டுவார்கள். ஒருவரை உட்கார வைத்து, காகிதத்தைத் தொடச் சொல்வார்கள். அவர் தொட்டதும் ஒரு மாணவர் அடுத்த காகிதத்தை எடுத்து வைப்பார். அவர்தான் கம்ப்யூட்டர். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவர் தப்பாகத் தொட்டால் திருத்தக் கூடாது, முகத்தில்கூடக் காட்டக் கூடாது. ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர், ஐந்து பேரிடம் காட்டினாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000-ல் எழுதினார். அதைப் பற்றி நிபுணர்களுக்குள் சண்டை உண்டு. என் அனுபவத்தில் மூன்றாவது ஆளுக்குள்ளேயே மாணவர்கள் முகம் வாடிவிடும்.

ஒரு பெண் மீன் சந்தை பற்றி ஒன்று செய்தாள். பூ விற்கிற ஒரு அம்மாவிடம் காட்டினாள். அவர் அம்புக்குறி பட்டனைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. மீனையே திரும்பத் திரும்பத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ‘எனக்கு இதெல்லாம் வராதும்மா’ என்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இந்தப் பெண் நேராகக் கழிவறைக்குப் போய் அழுதாள். மறுநாள் வந்து அம்புக்குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு மீனையும் தொட்டால் பேசும்படி மாற்றினாள். அதே அம்மாவிடம் திரும்பப் போய்க் காட்டினாளாம். அவர் வஞ்சிரத்தின் விலை தப்பு என்று சொன்னார்.

சொற்களும் அப்படித்தான். ‘சமர்ப்பி’ என்று எழுதிய பட்டனை நம் ஊரில் யாரும் அழுத்துவதில்லை, சாமிக்குச் செய்கிற மாதிரி இருக்கிறது. ‘அனுப்பு’ என்றால் அழுத்துகிறார்கள். ‘முகப்பு’ என்பது படித்தவர்களுக்கே ஒரு நொடி தயக்கம், வீடு போன்ற சின்னப் படத்தைப் போட்டால் புரிகிறது. தனித்தமிழா ஆங்கிலமா என்று வகுப்பில் வருடா வருடம் சண்டை வரும். எனக்குத் தமிழ் மேல் பற்று அதிகம், ஆனாலும் அந்தப் பூக்கார அம்மா என்ன சொல்கிறாரோ அதுதான் பட்டனில் வரும் என்று முடித்துவிடுவேன்.

பெற்றோர் சிலர் இங்கே இருக்கிறீர்கள், உங்கள் கேள்வி எனக்குத் தெரியும். போன வாரம் லிஃப்டிலேயே ஒருவர் கேட்டுவிட்டார்: ‘ஏஐ வந்துடுச்சே மேடம், இந்தப் படிப்புக்கு இனிமே மதிப்பு இருக்கா?’ நேர்மையாகச் சொல்கிறேன். புரோகிராம் எழுதுவதில் பாதி வேலையை அது செய்கிறது, என் மாணவர்கள் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள், நான் தடுக்கவில்லை. முதல் வேலை கிடைப்பது முன்பைவிடக் கடினமாகத்தான் இருக்கிறது. கருவி மட்டும் கற்றுக்கொண்டு வருகிற பிள்ளைக்குச் சிரமம். ஆள் தடுமாறுவதைப் பார்த்து ஏன் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளையை நிறுவனங்கள் இன்னும் தேடி எடுக்கின்றன. இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டால், உங்கள் பிள்ளைக்கு மற்றவர்கள் செய்வதை வேடிக்கை பார்க்கிற பழக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, காசு கொடுத்தால் புராஜெக்ட் செய்து கொடுக்கிற கடைகள் உண்டு. உங்கள் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். ஏஐ வந்த பிறகு அந்தக் காசும் மிச்சம். வாய்மொழித் தேர்வில் நான் புரோகிராமைப் பற்றிக் கேட்பதே இல்லை. ‘உன் புராஜெக்டில் முதலில் மாட்டிக்கொண்டு முழித்தது யார்?’ என்று கேட்பேன். தானே செய்த பிள்ளை உடனே சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பிக்கும், எங்க பாட்டி, ஹாஸ்டல் வார்டன், டீக்கடை அண்ணன் என்று. வாங்கி வந்த புராஜெக்டில் யாரும் மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அந்த ஏரி சிடியை இந்த வருடம் எட்டு மாணவர்கள் திரும்பக் கட்டுகிறார்கள். தாத்தாவின் பதினாலு ஒலிப்பதிவுகளும் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு அப்படியே இருக்கும். எழுத்தை யூனிகோடுக்கு மாற்றியாகிவிட்டது. கலங்கல்தான் பெரிய வேலை. தாத்தா சொன்ன வாய்க்கால் வழியை அவர்கள் போய் நடந்து பார்த்தார்கள். பாதி தூரம் வாய்க்கால் இருக்கிறது. அப்புறம் ஒரு காம்பவுண்டுச் சுவர், அப்புறம் ஒரு தார்ச் சாலை, அப்புறம் மறுபடி வாய்க்கால். அடையாறு தொடங்குவதே மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில்தான். ஏரிக்கு ஏரி போக வேண்டிய தண்ணீர் வழி மறைந்தால் எங்கே போகும் என்பது 2015-ல் நமக்குத் தெரிந்தது. தாத்தா காலத்து வழியையும் இன்றைய வழியையும் விரலால் இழுத்து மாற்றி மாற்றிப் பார்க்கிற மாதிரி செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதைப் பார்த்துவிட்டு நாம் எந்த அலுவலகத்தில் எந்த மனு கொடுக்க வேண்டும் என்பது நலச்சங்கத்தின் வேலை, என்னுடையது இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் இங்கே, இதே கிளப் ஹவுஸுக்கு வருகிறார்கள், சார்ட் பேப்பரோடும் இரண்டு பழைய டேப்லெட்டோடும். எனக்கு நம் வளாகத்திலிருந்து பத்துப் பேர் வேண்டும். அறுபது வயதுக்கு மேல் ஆறு பேர், பத்து வயதுக்குக் கீழ் நாலு பேர். கம்ப்யூட்டர் துறையில் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். வந்தாலும் பின்வரிசையில் உட்காருங்கள்.

வருகிறவர்களுக்குச் சில வேண்டுகோள். ‘ரொம்ப நல்லா இருக்குப்பா’ என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் மனசு கஷ்டப்படும் என்று பார்க்காதீர்கள், அவர்கள் கஷ்டப்படத்தான் வருகிறார்கள். எங்கே தொடுவது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், நான்தான் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். போன தடவை ஏ பிளாக் சார் ஒருவர், ‘கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறானே, என்ன பையன் இவன்’ என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

2015-க்கு முன்பே இந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் உங்களில் யார் யார் என்று எனக்கு முழுக்கத் தெரியாது. அந்த டிசம்பரில் எடுத்த போட்டோ யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள், பழைய போனில் இருந்தால் அந்தப் போனையே கொண்டு வாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை படி வரை நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று நினைவிருப்பதைச் சொன்னால் மாணவர்கள் பதிவு செய்துகொள்வார்கள். உங்கள் பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டார்கள்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இப்போதே செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது மாடி மாமி பெயரை நானே எழுதிவிட்டேன். படிக்கிற கண்ணாடியை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

பி பிளாக் லிஃப்டுக்கு மாணவர்கள் ஒரு ஸ்டிக்கர் செய்து வைத்திருக்கிறார்கள், பச்சையில் பெரியதாக ‘திற’ என்று. செயலாளர் அனுமதி கொடுத்தால் அன்றைக்கே ஒட்டிவிடலாம்.